நான்கு விரற்கடைத் தழும்பு, எழுபது வளைவு: புதிய இடுப்பு மூட்டோடு கொல்லிமலைக்கு

1. இதை எழுதும் நான் சேலத்தில் நீண்ட காலமாக உரிமையியல் வழக்குகள் நடத்திவரும் வழக்குரைஞர். வயது ஐம்பத்தாறு.

2. சென்ற ஐப்பசியில், அதாவது 2006ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில், கோயம்புத்தூர் மருத்துவமனை ஒன்றில் என் வலது இடுப்பு மூட்டை அகற்றிவிட்டு உலோக மூட்டு வைத்தார்கள். பழைய முறையில் தொடையின் பக்கவாட்டில் ஒரு சாணுக்கும் மேல் வெட்டுவது வழக்கம். எனக்குச் செய்தது சிறு வெட்டு முறை. தழும்பின் நீளம் நான்கு விரற்கடை.

3. நான் மருத்துவன் அல்லன். கீழே சொல்லப்படுபவை எவருக்கும் மருத்துவ ஆலோசனை ஆகா. உங்கள் மூட்டைப் பற்றி உங்கள் மருத்துவர் சொல்வதே செல்லும்.

4. நேரில் கண்டதைக் கண்டதாகவும், பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டதாகவும் எழுதியிருக்கிறேன்.

இனி, பயணத்துக்கான காரணம். மருத்துவமனையில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் பொன்னுசாமி. கொல்லிமலையில் அரியூர் நாட்டைச் சேர்ந்த விவசாயி. அம்மலையில் ஊர்த்தொகுதிகளை நாடு என்றே சொல்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்ததில், அவருடைய இடது தொடை எலும்பின் தலைப்பகுதி இரத்த ஓட்டமின்றிச் செத்துப்போயிற்று. எனக்கு அறுவை நடந்த மறுநாள் அவருக்கும் அதே மருத்துவர், அதே சிறு வெட்டு. இருவரும் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே தாழ்வாரத்தில் நடை பழகினோம். "ஏனுங்க வக்கீலய்யா, இன்னைக்கு அந்தச் செவுரு வரைக்கும் பந்தயம் வச்சுக்கலாமுங்களா?" என்பார். பெரும்பாலும் அவரே வென்றார்.

வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் எங்கள் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொன்னார்: "வெட்டுதான் சின்னது. உள்ளே எலும்பை அறுத்ததும் மூட்டை வைத்ததும் பெரிய வெட்டில் செய்வதேதான். தழும்பைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்." ஆறு மாதத்துக்கு முழங்கால் உயரத்துக்குக் கீழே எதிலும் உட்காரக் கூடாது. சம்மணம் போடவே கூடாது. குந்தி உட்காருவதை ஆயுளுக்கும் மறந்துவிட வேண்டும். மீறினால் மூட்டின் பந்து கிண்ணத்தை விட்டு நழுவிவிடும். நழுவினால் மீண்டும் மருத்துவமனை, மீண்டும் மயக்க மருந்து, தேவைப்பட்டால் மீண்டும் கத்தி.

தை மாதத்தில் ஒரு நாள் பொன்னுசாமியின் மனைவி பாப்பாயி, செம்மேட்டிலுள்ள தொலைபேசிக் கடையிலிருந்து அழைத்தார்.

"வக்கீலய்யாங்களா? நான் பொன்னுசாமி ஊட்டுக்காரி பேசறேனுங்க. வர்ற வெள்ளிக்கெழம புள்ளைக்கு வெத்தல மாத்தறாங்க. இவரு பாயில உக்காந்தே தீருவேங்கறாரு. நாஞ் சொன்னாக் காதுலயே போட்டுக்க மாட்டேங்கறாருங்க. கூடப் படுத்துக் கெடந்தவிங்க நீங்க. வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க சாமி."

வெற்றிலை மாற்றுதல் என்பது அங்கே திருமண உறுதி. என்னிடம் சொல்லப்பட்டபடி வழக்கம் இதுதான்: பெண்ணின் தந்தையும் மாப்பிள்ளையின் தந்தையும் வெறும் தரையில் விரித்த ஒரே பாயில் அமர்ந்து வெற்றிலைத் தட்டை மூன்று முறை கைமாற்றிக்கொள்ள வேண்டும். ஒருவர் மற்றவரைவிட உயரத்தில் இருக்கலாகாது. ஒருவர் பாயில் அமரவில்லையென்றால் அவர் சம்மதிக்கவில்லை என்று பொருள். மலை முழுவதும் இப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. இவ்விரண்டு குடும்பங்களும் அப்படித்தான் வைத்திருந்தன.

ஆகவே பொன்னுசாமி பாயில் உட்கார்ந்தால் இடுப்பு போகலாம். உட்காராவிட்டால் சம்பந்தம் போகலாம். எனக்கு அறுவை முடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. என் மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டேன். கார் இருக்கை உயரமாக இருக்க வேண்டும், மணிக்கு ஒரு முறை இறங்கி நடக்க வேண்டும் என்ற இரு நிபந்தனைகளுடன் அனுமதித்தார். பொன்னுசாமியைப் பற்றியும் கேட்டேன். "தரையிலா? வேண்டவே வேண்டாம்" என்றார்.

வியாழக்கிழமை காலை ஆறே காலுக்கு ஓட்டுநரும் நானும் சேலத்தில் புறப்பட்டோம். வண்டி வாடகை அம்பாசடர். அதன் இருக்கை மற்றக் கார்களைவிட உயரமானது. அதன்மேல் ஒரு கெட்டித் தலையணையும் வைத்துக்கொண்டேன். ஏறும் முறை: முதலில் முதுகைக் காட்டி இருக்கையின் ஓரத்தில் உட்கார வேண்டும், பின்பு இரு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். ஒரு காலை மட்டும் உள்ளே வைத்து ஏறலாகாது. இரண்டு நாளைக்கு வாடகை ஆயிரத்து எண்ணூறு ரூபாய், ஓட்டுநர் படி தனியாக இருநூறு. டீசல் செலவு வண்டி உரிமையாளருடையது.

இராசிபுரம் வழியாகக் காளப்பநாயக்கன்பட்டிக்கு சுமார் ஐம்பது கிலோமீட்டர். எட்டு மணிக்குச் சேர்ந்தோம். தேநீர்க் கடையில் இருந்த பெஞ்சு தாழ்வானது, நின்றபடியே குடித்தேன். மலை ஏறுமுன் சற்று நீட்டி நடக்க இதுவே வசதியான இடம். அதற்குப் பின் காரவள்ளியில் அடிவாரம். அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு.

ஓட்டுநர் முருகேசன் சேந்தமங்கலத்துக்காரர். நான் முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணையைச் செருகிக்கொள்வதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நம்பர் போர்டு இருக்கறது நல்லதுங்க சார். எந்த வளைவுல கழண்டுச்சுன்னு டாக்டருகிட்ட கரெக்டா சொல்லிரலாம்."

"மெதுவாகப் போனால் போதும்" என்றேன்.

"இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி பின்னால போயிருமுங்க."

வளைவுகளில் உடல் ஒரு பக்கம் சரியும்போது இடுப்பு முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கதவின் மேலுள்ள பிடியை ஒரு கையாலும் முன் இருக்கையின் முதுகை மறு கையாலும் பற்றிக்கொண்டு, திரும்ப வேண்டிய போதெல்லாம் கால்களோடு சேர்த்து முழு உடலையும் திருப்பினேன். இருபத்தைந்தாம் வளைவிலும் ஐம்பதாம் வளைவிலும் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தேன். வலி இல்லை, தொடையின் வெளிப்பக்கத்தில் ஓர் இறுக்கம் மட்டும் இருந்தது. மேலே ஏற ஏறக் குளிர் கூடியது. அறுபதுக்கு மேல் பனிமூட்டம். முருகேசன் பேச்சை நிறுத்திவிட்டு ஒலிப்பானையே நம்பினார்.

செம்மேட்டில் பதினொரு மணிக்கு அறை எடுத்தேன். வாடகை இருநூற்று ஐம்பது. உட்காரும் வகைக் கழிப்பறை இருக்கிறது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அது இருந்தது; ஆனால் தாழ்வாக இருந்தது. நான் கொண்டுபோயிருந்த மடக்கும் கழிப்பறை நாற்காலியை அதன்மேல் வைத்துப் பயன்படுத்தினேன். அன்று வேறெங்கும் போகவில்லை. ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும் என்றார்கள். அந்தச் செய்தியே போதுமானதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குப் பொன்னுசாமியின் வீட்டுக்குப் போனோம். வண்டி நிற்கும் இடத்திலிருந்து வயல்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருந்தது. சரிவில் படிப்படியாக, கல்லடுக்கிக் கட்டிய நிலங்கள். சாமை அறுத்த தாள் ஈரமாகக் கிடந்தது. கைத்தடிக்குப் புதிய ரப்பர் மாட்டிக்கொண்டு போனது நல்லதாயிற்று.

பொன்னுசாமி எதிரே வந்து நின்றார். கையில் தடி இல்லை. தடி எங்கே என்று கேட்டேன்.

"உள்ளார வச்சுட்டேனுங்க. அவிக வர்றப்போ தடியோட நிக்க முடியுங்களா?"

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு உள்ளதைச் சொன்னார். அறுவை முடிந்து வந்ததும் செம்மேட்டுச் சந்தையில் விசாரித்தவர்களிடமெல்லாம், கொசு கடித்த மாதிரி ஒரு கீறல், அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கிறார். சிலருக்கு வேட்டியை ஒதுக்கித் தழும்பையும் காட்டியிருக்கிறார். எலும்பு நோய் உள்ள வீட்டுப் பெண் என்று மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள் என்ற பயம். அதனால் இப்போது தரையில் உட்கார முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் இல்லை.

"ஒரு நிமிசந்தானுங்க. தட்ட மாத்திட்டு எந்திருச்சுருவேன். ஒரு நிமிசத்துல என்ன ஆயிருமுங்க?"

நழுவுவதற்கு ஒரு நொடி போதும் என்றேன். மருத்துவரின் பதிலையும் சொன்னேன். பொன்னுசாமி பாய் விரித்திருந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள்ளிருந்து அவர் மகள் செல்வியின் குரல் வந்தது: "இவரு கீழ உக்காந்தா நான் வெளியவே வரமாட்டேன். எங்கப்பன் இடுப்ப ஒடச்சுட்டு எனக்கொரு கல்யாணம் வேண்டாம்." அதற்குப் பாப்பாயி, "சும்மாயிரு கண்ணு, வர்றவிங்க காதுல உழுந்திரப் போவுது" என்றார்.

ஒன்பதரை மணிப் பேருந்தில் மாப்பிள்ளை வீட்டார் வளப்பூர் நாட்டிலிருந்து வந்து இறங்கினார்கள். ஏழெட்டுப் பேர் இருக்கலாம். மாப்பிள்ளையின் தந்தை வெள்ளையன் குள்ளமானவர்; குரல் மட்டும் இரண்டு வயல் தாண்டிக் கேட்கும். எனக்குப் போட்ட உயரமான நாற்காலியை அவர் பொருட்படுத்தவில்லை. நான் வெளியாள்; எனக்கு விதி இல்லை. பாயின் பக்கத்தில் பாப்பாயி கொண்டுவந்து வைத்த இரண்டாவது நாற்காலியைத்தான் பார்த்தார்.

"இது ஆருக்குங்க?"

"எங்கூட்டுக்காரருக்குங்க. அவருக்குக் கீழ உக்கார ஆகாது" என்றார் பாப்பாயி.

வெள்ளையன் பொன்னுசாமியை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க சம்பந்தி, சந்தையில கொசுக்கடின்னீங்க. இன்னைக்கு நாற்காலி கேக்குது. கொசு பெருசாயிருச்சுங்களா?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். பொன்னுசாமி முகம் சுருங்க, பாயை நோக்கிக் குனியப் போனார். பாப்பாயி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். பேச வேண்டிய நேரம் இது என்று கருதி நான் எழுந்தேன். இவருடைய எலும்பின் தலைப்பகுதியை அறுத்து எடுத்துவிட்டு உலோகம் வைத்திருக்கிறார்கள், தரையில் உட்கார்ந்தால் அது கழன்றுவிடும் என்று சொன்னேன்.

"நாலு வெரக்கட ஓட்டையில எலும்ப எப்புடீங்க வெளிய எடுக்கறது? ஒரு பலாச்சொளைய எடுக்கோணும்னாலும் அதவிடப் பெருசாக் கீறோணும்."

மருத்துவமனை எங்கள் இருவருக்கும் ஒரே வாசகத்தில் கொடுத்திருந்த ஆலோசனைத் தாளின் என் படியை எடுத்து, வரிவரியாகத் தமிழில் சொன்னேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"காயிதத்துல எத வேண்ணாலும் எழுதலாமுங்க. நீங்க எழுதறவிங்கதான, உங்களுக்குத் தெரியாததுங்களா?"

வெளியூரில் ஏதேனும் நேர்ந்தால் காட்ட வேண்டியிருக்கும் என்று என் எக்ஸ்ரே படத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதை வெயிலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன். வெள்ளையன் உற்றுப் பார்த்துவிட்டு, "இது உங்க இடுப்புங்க. உங்களுக்கு இரும்பு வச்சிருக்காங்க, நான் ஒத்துக்கறேன். சம்பந்தி இடுப்பு எங்கீங்க?" என்றார்.

அவருடைய ஆட்சேபணை சரியானது. ஒருவருடைய படம் இன்னொருவருக்குச் சாட்சியமாகாது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

"நம்ம படம் எங்க புள்ள?" என்றார் பொன்னுசாமி.

பாப்பாயி கொஞ்சம் தயங்கினார். "கோழிக்கூட்டுல."

"கோழிக்கூட்டுலயா?"

"சாரல் உள்ள அடிக்குதுன்னு சன்னலுக்கு வச்சுக் கட்டுனேன். கண்ணாடியாட்டம் இருந்துச்சு. அது என்ன கெட்டாப் போச்சு?"

போய்க் கட்டவிழ்த்துக் கொண்டுவந்தார். நான்கு மூலையிலும் கயிறு கோத்த துளைகள். ஒரு பக்கம் முழுக்கக் கோழி எச்சம். சேலைத் தலைப்பால் துடைத்ததும், மூலையில் பொன்னுசாமியின் பெயரும் வயதும் தெளிவாகத் தெரிந்தன. கூட வந்த ஒருவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். வெள்ளையன் படத்தை வாங்கிச் சூரியனுக்கு நேராகத் தூக்கினார். தொடை எலும்புக்குள் ஏறக்குறைய ஒரு சாண் தூரம் இறங்கியிருந்த உலோகத் தண்டு வெள்ளை வெளேரென்று தெரிந்தது.

"அட, ஏர்க்கொழுவாட்டம் இருக்குது. இத்தாச்சோடு பெருசு உள்ளயா இருக்குது?"

"ஆமாங்க" என்றார் பொன்னுசாமி. பிறர் முன்னிலையில் அவர் இதை ஒப்புக்கொண்டு நான் கேட்டது இதுவே முதல் முறை. "கொசுக்கடின்னு சொன்னது பொய்யிங்க. எலும்பு செத்துப் போயிருச்சு. மரத்துல இருந்து உழுந்ததுல போனதுங்க. ஊட்டு நோவு இல்லீங்க."

வெள்ளையன் படத்தைப் பாப்பாயியிடம் கொடுத்தார். வாசலை விட்டு இறங்கி வயல் பக்கம் நடந்தார். பேருந்து நிற்கும் இடத்துக்கும் வழி அதுவே. வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்கள்.

"வுடு புள்ள, போறாரு பாரு" என்று பொன்னுசாமி மனைவியின் கையை உதறிவிட்டுப் பாயின் மீது கால் வைத்தார். நான் அவருடைய மறு கையைப் பிடித்துக்கொண்டேன். எங்களுடைய மருத்துவர் பார்த்திருந்தால் இருவரையும் கண்டித்திருப்பார். இடுப்பு மாற்றிய ஒருவன், இடுப்பு மாற்றிய இன்னொருவனைத் தூக்கிப் பிடிப்பது எந்த ஆலோசனைத் தாளிலும் இல்லை.

அப்போது வயலிலிருந்து குரல் வந்தது.

"பாயக் கொண்டாங்க!"

வெள்ளையன் பேருந்துக்குப் போகவில்லை. அடுக்கு நிலத்தின் ஒரு கல்வரப்பின் கீழே நின்று, அது தன் தொடையில் எங்கே முட்டுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அது தாழ்வு என்று விட்டுவிட்டு அடுத்த அடுக்குக்குப் போனார். அங்கே கையால் சாமைத் தாளை ஒதுக்கி, மேல் நிலத்தின் ஓரத்தைத் தட்டிச் சமன் செய்தார்.

"மண்ணுலதான உக்காரோணும்? இதும் மண்ணுதான். மேக்காட்டுல உக்காருவோம், காலு கீக்காட்டுல கெடக்கட்டும். வாங்க சம்பந்தி, இதுல உங்க ஏர்க்கொழு மடங்காது."

மேல் நிலத்தின் விளிம்பில் பாய் விரிக்கப்பட்டது. கீழ் நிலத்தில் நின்றபடி பொன்னுசாமி முதுகைக் காட்டி, பின்னுக்குக் கையூன்றி, காலை முன்னே நீட்டி அமர்ந்தார். மருத்துவமனையில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த அதே முறை. உட்கார்ந்தபின் அவருடைய முழங்கால் இடுப்புக்குச் சற்றுக் கீழாகவே இருந்தது. அதைக் குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன். வரப்பின் உயரம் பொன்னுசாமிக்குப் பொருந்தியது. பக்கத்தில் அமர்ந்த வெள்ளையனுக்குக் கால் தரையைத் தொடவில்லை.

"மாமனுக்குக் காலு எட்டலீங்களே, ஒரு கல்லக் கொண்டாந்து போடட்டுங்களா?" என்றாள் வந்திருந்த பெண்களில் ஒருத்தி.

"உன்ற வாயில போடு அந்தக் கல்ல. தட்டக் கொண்டா."

தட்டு மூன்று முறை கை மாறியது. செல்வி வெளியே வந்து வரப்போரம் நின்றாள். பொன்னுசாமியை எழுப்ப நான் கை நீட்டுமுன் வெள்ளையன் கீழே குதித்து அவருடைய அக்குளில் கை கொடுத்தார். பகல் உணவு சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். எல்லாரும் தரையில், பொன்னுசாமியும் நானும் நாற்காலியில். விருந்துக்கு உயர விதி கிடையாதாம். இரண்டு மணிக்குப் புறப்பட்டு, இறங்கும் வழியிலும் அதே இரு வளைவுகளில் நின்று, இருட்டுமுன் சேலம் வந்து சேர்ந்தேன்.

இதே நிலையில் இம்மலைக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பேருந்து வேண்டாம், இருக்கை தாழ்வு, வளைவுகளில் பிடிப்புப் போதாது. அறுவை முடிந்து மூன்று மாதம் ஆகுமுன் காரிலும் வேண்டாம். கழிப்பறையின் உயரத்தை, அறையை எடுக்குமுன் நேரில் பாருங்கள். இருக்கிறது என்ற பதில் போதாது. உங்கள் எக்ஸ்ரே படத்தை உடன் வைத்திருங்கள். மழைக்காலத்தில் வயல்வழி நடக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தழும்பு சிறியது என்பதற்காக அறுவையும் சிறியது என்று யாரிடமும் சொல்லாதீர்கள். கேட்பவர் நம்பிவிடுவார், பிறகு உங்களுக்கு ஒரு நாற்காலி தேவைப்படும்போது அதைக் கர்வம் என்று எடுத்துக்கொள்வார். பொன்னுசாமிக்கு நேர்ந்தது அதுதான். எனக்கு அந்தச் சங்கடம் வராததற்குக் காரணம், நீதிமன்றத்தில் எல்லாரும் நாற்காலியில் இருப்பது மட்டுமே.

மாசியில் பொன்னுசாமி மறுபரிசோதனைக்காகக் கோயம்புத்தூர் போகும் வழியில் என் அலுவலகத்துக்கு வந்தார். துணைக்கு வந்தவர் வெள்ளையன். படங்கள் அடங்கிய பையை அவர்தான் சுமந்துவந்தார். இப்பதிவை வெளியிடுமுன் இருவருக்கும் படித்துக் காட்டுவது முறை என்பதால் வாசித்தேன். பொய் சொன்னதாக எழுதியிருந்ததைப் பொன்னுசாமி அப்படியே இருக்கட்டும் என்றார். வெள்ளையன் ஒரே ஓர் இடத்தில் கை உயர்த்தினார். இருவரும் பாயில் ஏறத்தாழ ஒரே உயரத்தில் அமர்ந்திருந்தார்கள் என்று நான் எழுதியிருந்தேன். அதில் உள்ள 'ஏறத்தாழ' என்ற வார்த்தையை எடுக்கச் சொன்னார். அளந்து பார்க்காமல் அப்படி எடுக்க இயலாது என்று விளக்கினேன்.

"நான் உக்காந்து பாத்தேனுங்க. நீங்க நின்னுதான பாத்தீங்க?" என்றார்.

திருத்தத்தை ஏற்கிறேன். இருவரும் ஒரே உயரத்தில் அமர்ந்திருந்தார்கள்.

(ஒப்பம்)
இரா. கனகசபாபதி, வழக்குரைஞர்
சேலம், மாசி 2007

சாட்சிகள்:
1. பொன்னுசாமி, அரியூர் நாடு (கையொப்பம்)
2. வெள்ளையன், வளப்பூர் நாடு (இடது கைப் பெருவிரல் ரேகை)